மொட்டைமாடியில் ஓர் அறை: அனுமதியும் அளவும் பாரமும்

தமிழ்நாட்டில் இருக்கிற வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவதற்கும், புதிதாக வீடு கட்டுவதைப் போலவே, அனுமதி வாங்க வேண்டும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதற்கு அடிப்படை. வெள்ளையடிப்பு, பூச்சு வேலை, தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுவது போன்ற பராமரிப்புப் பணிகளுக்கு அனுமதி தேவையில்லை. சுவர் எழும்பி அதன்மேல் கூரை வந்துவிட்டால் தேவை. ‘சின்ன ரூம்தானே’ என்பதற்கு விதிகளில் இடமில்லை.

முதலில் பார்க்கப்படுவது தளப்பரப்புக் குறியீடு. பொறியாளர்கள் பேச்சில் எஃப்.எஸ்.ஐ. எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண் இது. உயரமான கட்டடம் என்ற வகைக்குள் வராத சாதாரண வீட்டுக்கு இது 2 வரை போகலாம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் கீழே 800, மேலே 800 என்று கட்டியிருந்தால் இதுவரை 1,600 சதுர அடி ஆகியிருக்கிறது, வரம்பு 2,400. பத்துக்குப் பன்னிரண்டு அறை இன்னும் 120 சதுர அடிதான். பரப்புக் கணக்கில் மாட்டிக்கொள்ளும் வீடுகள் உண்மையில் குறைவு.

மாட்டிக்கொள்வது பக்கத்து இடைவெளியில்தான். வீட்டுக்கு முன்னும் பின்னும் பக்கங்களிலும் விட வேண்டிய திறந்தவெளி, சாலையின் அகலத்தையும் மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். மாடி ஏற ஏற உயரம் கூடுவதால், கீழ்த்தளத்துக்குப் போதுமாக இருந்த சந்து மேலே கட்டும்போது போதாமல் போகலாம். மதில் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் ஷீட் போட்டு ஸ்டோர் ரூம் ஆக்குவது, வண்டி நிறுத்தக் காட்டிய தரைத்தளத்தைச் செங்கல் வைத்து அடைப்பது, படிக்கட்டின் தலைப்பகுதியைப் படுக்கையறையாக நீட்டுவது: தெருவுக்குத் தெரு காணக் கிடைக்கும் மீறல்கள் இவை. படிக்கட்டின் தலைப்பகுதி தளப்பரப்பில் சேராது என்ற சலுகையே, அங்கே கட்டில் போட்டுப் படுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்தது.

அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அளவு சொல்கிறது. வீட்டில் வசிக்கும் அறை ஒன்றே ஒன்றானால் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் வேண்டும். ஊரெல்லாம் கேட்கிற பத்துக்குப் பத்து அறை 9.3 சதுர மீட்டர்தான், மயிரிழையில் தவறுகிறது. இரண்டாவது அறைக்கு 7.5 சதுர மீட்டரும் 2.1 மீட்டர் அகலமும் போதும் என்பதால், இருக்கும் வீட்டில் சேர்ப்பவருக்கு இது சிக்கலாகாது. உயரம் தரையிலிருந்து கூரை வரை 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. ஏ.சி. அறையானால் 2.4 மீட்டருக்கும் சம்மதம். ஜன்னல், காற்றுப்போக்கிக்கான திறப்பு வறண்ட வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், கடற்கரையோரம் போன்ற ஈர வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கும் இருக்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் ஒரு நாள் இருந்தவருக்கு இந்த வித்தியாசத்தின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் பாரம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு எழும்பினால், ஓர் அடி நீளத்துக்கே ஏறத்தாழ 400 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி. கதவு ஜன்னலுக்குக் கொஞ்சம் கழித்தாலும் சுவர் மட்டும் 15 டன்னைத் தாண்டும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு 29 கிலோ. அது இன்னொரு மூன்றரை டன். பீரோவும் கட்டிலும் மனிதர்களும் இன்னும் கணக்கில் வரவில்லை. இந்தப் பாரம் உத்தரத்தின் வழியாகத் தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும் இறங்க வேண்டும். உத்தரம் இல்லாத இடத்தில் தளத்தின் நடுவே சுவர் எழுப்புவதுதான் மேஸ்திரிகள் செய்கிற பெரிய தவறு. வேறு வழியில்லை என்றால் செங்கல்லுக்குப் பதில் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் வைப்பார்கள், அதன் எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான். அப்போதும் கணக்குப் போட வேண்டியவர் பொறியாளரே.

‘பின்னால் கட்டிக்கொள்ளலாம்’ என்று தூண்களின் உச்சியில் நீட்டி விட்ட கம்பிகளை நம்புவதும் அளவோடுதான். பல மழைக்காலம் பார்த்த கம்பி துருவேறி மெலிந்திருக்கும். பழைய கம்பியும் புதிய கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டிய நீளம், வழக்கத்தில் கம்பி விட்டத்தின் 50 மடங்கு: 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 80 சென்டிமீட்டர். மாடியில் ஓர் அடிக்கு நிற்கும் கம்பி அதற்கு எட்டாது. புதுச் சுவர் வரும் கோட்டில் தட்டோட்டையும் அடியில் உள்ள சுண்ணாம்புக் கலவையான சுருக்கியையும் வெட்டி எடுத்து, கான்கிரீட்டின்மேல் நேராகச் சுவரை உட்கார வைக்க வேண்டும். சுருக்கியின்மேலேயே கட்டினால் மழைத்தண்ணீர் அதற்குள் ஊறிச் சுவரடியில் ஈரமாக வெளிப்படும். தூண் இல்லாமல் சுவரே தாங்கும் பழைய வீடுகளிலும், தேக்குச் சட்டத்தில் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளத்து வீடுகளிலும் மேலே கட்டும் யோசனையைக் கைவிடுவதே பெரும்பாலும் நல்லது.

தெருவில் போகும் மின்கம்பி இன்னொரு தடை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிப்படி, தாழ்வழுத்தக் கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே போகுமானால் 2.5 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பியானால் மேலே 3.7 மீட்டர். கீழ்த்தளம் கட்டியபோது எட்டாத உயரத்தில் இருந்த கம்பி, மாடி அறையின் ஜன்னலுக்கு நேராக வந்துவிடும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்குச் சங்கதியே வேறு. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் இசைவு பெற்றே கட்டலாம். மாமல்லபுரத்திலும் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் உள்ளாட்சி அனுமதியோடு இதுவும் சேர்ந்தால்தான் வேலை தொடங்க முடியும்.

விண்ணப்பத்தை இணையவழி ஒற்றைச் சாளர முறையில், பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் மூலம் தர வேண்டும். பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, கூடவே முன்பு வாங்கிய அனுமதி வரைபடம். கடைசியாகச் சொன்னதுதான் பலரிடம் இருப்பதில்லை. வரைபடத்தில் இருக்கும் பகுதி, சேர்க்கப்போகும் பகுதி இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் கட்டாயம். மாடி அறையின் கூரைத் தண்ணீரும் அதில் சேர வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு உடனடி அனுமதி தருகிறது. ஆனால் அறிமுகமானபோது அதில் தரைத்தளமும் முதல் மாடியும் மட்டுமே அடங்கின. இரண்டாம் மாடியில் அறை எழுப்புவோர் வழக்கமான வழியில்தான் போக வேண்டியிருந்தது.

அனுமதியில்லாமல் கட்டினால் 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்கீழ் அறிவிப்பு வரும். வேலையை நிறுத்தவும், கட்டியதை அகற்றவும், பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் உண்டு. பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விதிமீறல் கட்டடங்களுக்காகச் சட்டத்தில் சேர்த்த 113-சி பிரிவு, 2007 ஜூலை 1-க்குள் கட்டியவற்றுக்கு மட்டும் உரியது. அனுமதியோடு கட்டி முடித்தவர், கூடிய பரப்பை உள்ளாட்சியில் தெரிவித்துச் சொத்து வரியைத் திருத்திக்கொள்ள வேண்டும். வீட்டை விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ வங்கியின் மதிப்பீட்டாளர் கையில் டேப்பையும் அனுமதி வரைபடத்தையும் வைத்துக்கொண்டுதான் மாடி ஏறுவார். வரைபடத்தில் இல்லாத அறைக்கு அவர் மதிப்புப் போட மாட்டார்.