முறைக்கு முறை ஒரு கணக்கு
விளையாட்டுப் பாத்திரங்களின் திறன் எண்கள் போரை எவ்வாறு தீர்மானிக்கின்றன?

"லெவல் ஏறிவிட்டது", "அட்டாக் கூடிவிட்டது", "எச்.பி. முடிந்துவிட்டது" என்ற பேச்சு விடுமுறைக் காலத்தில் நமது வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிறது. கையடக்கத் தொலைபேசியில் பிள்ளை எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறது என்பது உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் விளங்குவதில்லை. விளையாடுகின்ற பிள்ளைகளிலும் பலர், எண் பெரிதானால் வெற்றி என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றனர். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, போரில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அறிந்துகொண்டால் மாணவிகளுக்கு அது ஒரு கணிதப் பாடமாகும். பெற்றோருக்கு எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்க உதவும்.

முறைவைத்து ஆடும் போர் நமக்குப் புதியதன்று. ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஒருவர் நகர்த்திய பின்னரே மற்றவர் நகர்த்தலாம். புலி தாண்டி வெட்டும்; ஆடுகள் கூட்டமாகச் சேர்ந்து புலியை அடைக்கும். சதுரங்கத்திலும் யானைக்கு ஒரு வழி, குதிரைக்கு ஒரு வழி. ஆனால் இவற்றில் எல்லாக் குதிரைகளும் ஒரே வலுவுடையவை. வெட்டுப்பட்டால் உடனே வெளியேற வேண்டியதுதான். ஒரு குதிரை மற்றக் குதிரையைவிடச் சற்று வேகமானது, ஒரு வெட்டைத் தாங்கி நிற்கக்கூடியது என்று வைத்துக்கொண்டால் என்னாகும்? அந்த "சற்று" என்பதை அளக்க ஓர் எண் தேவைப்படும். அதுவே திறன் எண்.

இவ்வழக்கத்தைப் பரவச் செய்தது 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான "டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். இதற்குக் கணினி தேவையில்லை. தாளும் பென்சிலும் தாயக்கட்டைகளும் போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உடல் வலு, அறிவு, விவேகம், தாங்கும் சக்தி, சுறுசுறுப்பு, ஆளுமைக் கவர்ச்சி என ஆறு திறன்கள். ஆறுமுகத் தாயக்கட்டைகள் மூன்றை உருட்டி, விழும் கூட்டுத்தொகையைத் திறனின் எண்ணாக எழுதுவர். மிகக் குறைந்தது 3, மிகக் கூடியது 18, சராசரி 10.5. மூன்றிலும் 6 விழுந்து 18 கிடைப்பதற்கான நிகழ்தகவு 216இல் 1.

தாளில் நடந்த இந்தக் கணக்கைப் பின்னர் கணினி ஏற்றுக்கொண்டது. 1986இல் ஜப்பானின் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட "டிராகன் குவெஸ்ட்", 1987இல் வந்த "பைனல் பேன்டசி", 1996இல் வந்த "பொக்கேமொன்" ஆகியவை இவ்வகை விளையாட்டை உலகெங்கும் கொண்டு சென்றன. பெயர்கள் மாறினாலும் பெரும்பாலானவற்றில் அடிப்படை எண்கள் நான்குதான்: எவ்வளவு அடியைத் தாங்கலாம் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளி (எச்.பி. என்பது இதுவே), தாக்கும் வலு, காக்கும் வலு, வேகம்.

இந்த எண்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒரு சூத்திரம். மிக எளியது கழித்தல்: தாக்கும் வலுவிலிருந்து எதிரியின் காக்கும் வலுவைக் கழித்தால் வருவது சேதம். வலு 30, காப்பு 20 என்றால் சேதம் 10. வலுவை 40 ஆக்கினால் சேதம் 20, அதாவது இரு மடங்கு. எதிரி தன் காப்பை 30 ஆக்கிக்கொண்டால் நமது 30 வலுவால் ஒரு கீறலும் விழாது. இன்னொரு வகை வகுத்தல்: வலுவைக் காப்பால் வகுத்து, அந்த விகிதத்தால் அடியைப் பெருக்குவது. இங்கே வலு 30இலிருந்து 40 ஆனால் விகிதம் 1.5இலிருந்து 2 ஆகும். சேதம் மூன்றில் ஒரு பங்கே கூடும். ஒரே பத்துப் புள்ளி, சூத்திரத்துக்குச் சூத்திரம் வேறு பயனைத் தருகிறது.

பொக்கேமொன் இந்த விகித முறையையே பின்பற்றுகிறது. பாத்திரத்தின் லெவல் 50, அடியின் சக்தி 80, தாக்கும் வலு 120, எதிரியின் காக்கும் வலு 100 என்று வைத்துக்கொள்வோம். லெவலை இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்து இரண்டைக் கூட்ட 22 வரும். அதனை 80ஆல் பெருக்க 1760. விகிதமாகிய 1.2ஆல் பெருக்க 2112. அதை 50ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டால் 42. இரண்டைக் கூட்டினால் 44. இதுவே அடிப்படைச் சேதம். நெருப்புக்கு நீர் பகை என்பதுபோல எதிரியின் இனத்துக்கு ஏற்ற அடியாக இருந்தால் இது இரு மடங்காகி 88 ஆகும். ஆக, வலுவைச் சிறிது சிறிதாக வளர்ப்பதைவிடச் சரியான அடியைத் தெரிவு செய்வது சிலவேளை பெரும் பயன் தரும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். முறைவைத்து ஆடும் போரில் உண்மையில் எண்ணப்படுவது சேதமன்று. எத்தனை முறையில் எதிரி வீழ்கிறான் என்பதே. எதிரியின் உயிர்ப்புள்ளி 100 என்க. நமது அடி 34 என்றால் மூன்று அடியில் வீழ்வான். 49 என்றாலும் அதே மூன்று அடிதான். 34இலிருந்து 49 வரை உழைத்துச் சேர்த்த 15 புள்ளிகளும் அந்த எதிரியிடம் பயனற்றவை. இன்னும் ஒரு புள்ளி சேர்ந்து 50 ஆனவுடன் இரண்டு அடி போதும்.

வேகமும் அப்படியே. இருவருக்கும் எதிரியை வீழ்த்த இரண்டு அடி வேண்டும். ஒருவரின் வேகம் 81, மற்றவரின் வேகம் 80. முந்தியவர் அடிப்பார், பிந்தியவர் திருப்பி அடிப்பார், முந்தியவர் மீண்டும் அடிப்பார், போர் முடிந்தது. ஒரேயொரு புள்ளி வெற்றியைத் தீர்மானித்தது. வேகம் 110 ஆக இருந்திருந்தாலும் இந்தப் போரில் வேறு முடிவு வந்திராது. மிஞ்சிய 29 புள்ளிகளைக் காப்பில் போட்டிருக்கலாம்.

எதில் போடுவது என்ற கேள்வி எழுவதற்குக் காரணம், எல்லாவற்றையும் உயர்த்த விளையாட்டு இடம் கொடுப்பதில்லை என்பதே. இன்றைய பொக்கேமொன் விளையாட்டுகளில் பயிற்சியால் ஒரு பாத்திரத்துக்குச் சேர்க்கக்கூடிய புள்ளிகள் மொத்தம் 510. ஒரு திறனுக்கு உச்ச அளவு 252. திறன்களோ ஆறு. இரண்டு திறன்களை நிரப்பினால் 504 போய்விடும், எஞ்சுவது 6. லெவல் 100இல் இத்தகைய நான்கு புள்ளிகள் ஒரு திறன் புள்ளியாகும். எனவே ஒரு திறனை 63ஆல் உயர்த்தலாம், அவ்வளவுதான். வேகத்தை எடுத்தவர் தாங்கும் சக்தியை விட்டுக்கொடுத்திருப்பார். எல்லாவற்றிலும் முதலிடம் பெறும் பாத்திரத்தைப் பயிற்சியால் உருவாக்க முடியாது. யாரோடு மோதப் போகிறோம் என்று முன்கூட்டியே சிந்தித்து, இருப்பதைப் பங்கிடுவதே ஆட்டக்காரரின் திறமை.

இதில் நிகழ்தகவுக்கும் பங்குண்டு. அதே விளையாட்டில் "தண்டர்போல்ட்" என்ற மின்னடியின் சக்தி 90. குறி தவறாது என்பதற்கு அடையாளமாக அதன் துல்லியம் 100 வீதம். "தண்டர்" என்ற அடியின் சக்தி 110. துல்லியம் 70 வீதம். பெரிய எண்ணைக் கண்டு தண்டரைத் தெரிவு செய்வோர் பலர். 110இன் 70 வீதம் 77. நீண்ட போரில் சராசரியாக முந்துவது தண்டர்போல்ட்தான். தரம் 10, 11 கணிதத்தில் விகிதமும் நிகழ்தகவும் படிக்கும் மாணவிக்கு இந்தக் கணக்குகளைத் தாளில் செய்து பார்ப்பது கடினமன்று.

இதுவரை சொன்னவற்றில் வலு என்பது காலத்தாலும் சிந்தனையாலும் வருவது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் கைபேசி விளையாட்டுகள் பலவற்றில் அந்த வலு பணத்துக்கு விற்கப்படுகிறது. அதுவும் நேரடியாக அன்று. பணத்தைக் கட்டி ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும், உயர்ந்த திறன் எண்களுள்ள பாத்திரம் அதில் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றால், நூறு பெட்டி திறந்தால் கிடைத்துவிடும் என்று பிள்ளை நினைக்கும். 0.99ஐ நூறு முறை பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 0.37 வரும். நூறு பெட்டிகளைத் திறந்த பிறகும் நூறு பேரில் 37 பேருக்கு அந்தப் பாத்திரம் கிடைத்திராது.

இத்தகைய விற்பனையில் ஒரு வகையை ஜப்பானிய நுகர்வோர் விவகார முகவரகம் 2012இல் சட்டத்துக்கு முரணானது என அறிவித்தது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குழு, பணம் கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமாகவே கருதியது. அல்குர்ஆன் தடுத்த "மைசிர்" என்னும் சூதாட்டத்தோடு இது எவ்வளவு நெருங்கியது என்பதை நாம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம். விளையாட்டுக்குள் பார்த்தாலும் இழப்பு உண்டு. 510 புள்ளிகளை எப்படிப் பங்கிடுவது என்று யோசித்த பிள்ளைக்கு, பணம் கட்டினால் யோசிக்கத் தேவையில்லை என்று அந்தப் பெட்டி சொல்லிக் கொடுக்கிறது.

ஆகவே பெற்றோர், எல்லா வீடியோ விளையாட்டும் ஒன்றென்று எண்ணித் தொலைபேசியைப் பறிப்பதற்கு முன், பிள்ளையின் அருகே அமர்ந்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். "இந்த எதிரியை எத்தனை முறையில் வீழ்த்துவாய், ஏன்?" என்பது ஒன்று. "இந்த வலு உழைத்துச் சேர்த்ததா, காசுக்கு வாங்கியதா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்லும் பிள்ளை கணக்குப் போடப் பழகியிருக்கிறது. நேர அளவை மட்டும் நாம் கவனித்துக்கொண்டால் போதும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராமல் பிள்ளை தலைகுனிந்தால், அந்த விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.