தன்மைப் பன்மை

பிறந்த மண் – 9

சென்ற வாரம் ஹாரி, பெர்த்தா ஹோல்ட் தம்பதியைப் பார்த்தோம். 1955-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவரச் செய்து, கொரியக் குழந்தைகள் எட்டுப் பேரை ஒரேகான் மாநிலத்திலிருந்த தங்கள் பண்ணை வீட்டுக்கு அழைத்துக்கொண்டவர்கள். அந்த எட்டுப் பேருக்குப் பின்னால் கொரியாவைவிட்டுப் போன குழந்தைகள் ஏறக்குறைய இரண்டு லட்சம். 1985-ல் மட்டும் 8,800-க்கு மேல். இந்த வாரம் அதே வழியில் எதிர்த்திசையில் போகிறோம். வளர்ந்துவிட்ட பிள்ளை பிறந்த ஊரைப் பார்க்கத் திரும்புகிறது. வளர்த்தவர்களும் கூடவே வருகிறார்கள்.

"அவர்கள் எதற்குக் கூடப் போக வேண்டும்? அது அந்தப் பிள்ளையின் பயணம்தானே?" என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் ஓர் ஆவணப்படத்தில் இருக்கிறது. எடுத்தவர் டீயான் போர்ஷே லீம். 2000-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னால்தான் பதில் புரியும்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்றொரு ஊர். அங்கே ஆர்னால்ட், ஆல்வீன் போர்ஷே என்ற தம்பதி, கொரியக் காப்பகம் ஒன்றில் இருந்த சா ஜங் ஹீ என்ற சிறுமிக்கு மாதாமாதம் பணம் அனுப்பிவந்தார்கள். கடிதம் போகும், பதில் வரும். பணம் அனுப்புவது போதாது, பிள்ளையையே அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தார்கள். 1966 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் எட்டு வயதுச் சிறுமி வந்து இறங்கினாள். வரவேற்கப் போன ஆல்வீன் முதலில் வேறொரு பிள்ளையிடம் போய்விட்டாராம். பெயர் அட்டையைப் பார்த்த பிறகுதான் ஆள் தெரிந்திருக்கிறது. எந்தப் பிள்ளையானால் என்ன, அதில் ஒன்று எங்களுடையது, அவ்வளவுதான் என்று அந்த வீட்டு மூத்த மகள் படத்தில் வெள்ளந்தியாகச் சொல்கிறார்.

பெயர் அட்டையில் இருந்த பெயரும் அவளுடையது இல்லை. உண்மையான சா ஜங் ஹீயை, பயணத்துக்குக் கொஞ்சம் முன்பு அவளுடைய அப்பா வந்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அமெரிக்காவில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது, காகிதமெல்லாம் தயார். காப்பகம் அதே வயதில் இன்னொரு சிறுமியைத் தேர்ந்து, அந்தப் பெயரையே கொடுத்து விமானம் ஏற்றியது. அவள் பெயர் காங் ஓக் ஜின். குன்சான் நகரத்துப் பிள்ளை. அப்பா இறந்த பிறகு, அம்மாவால் அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு போட முடியாமல் காப்பகத்துக்கு வந்தவள். உன் பெயரை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் சொன்னாள். ஆங்கிலம் ஓரளவு பேச வந்ததும் ஆல்வீனிடம் போய், நான் சா ஜங் ஹீ இல்லை, எனக்கு அம்மா இருக்கிறார், கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்றாள். ஆல்வீன் தத்துக் காகிதங்களை எடுத்துக் காட்டினார். தாய், தந்தை இருவரும் இறந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. புது இடம், ஏதோ கனவு கண்டிருப்பாய், போகப் போகச் சரியாகிவிடும் என்று தேற்றினார்.

ஆல்வீனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு முத்திரை குத்திய காகிதத்தை யார்தான் நம்பமாட்டார்கள்? அந்தக் காகிதம் எப்படித் தயாரானது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொரியாவில் அப்போது ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டமோ, அனாதை என்று காட்டினால்தான் தத்துக் குழந்தைக்கு விசா தரும். ஆகவே குழந்தைக்கு என்று தனியாக ஓர் 'அனாதைப் பதிவேடு' திறந்தார்கள். அதில் அந்தக் குழந்தையே குடும்பத் தலைவர், அந்தக் குழந்தையே கடைசி உறுப்பினர். மேலே யாரும் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. குன்சானில் ஒரு தாய் உயிரோடு இருக்கும்போதே, பேனா முனையில் அவளை இல்லாமல் ஆக்கிவிட முடிந்தது.

பிள்ளையும் மறந்தாள். மொழி போனது, முகங்கள் போயின. கல்லூரிக்குப் போன பிறகு கனவுகள் வரத் தொடங்கின. அவை கனவா நினைவா என்று அவருக்கே பிடிபடவில்லை. பிறகொரு நாள் தத்து ஆவணங்களைப் புரட்டியபோது இரண்டு புகைப்படங்கள் கையில் அகப்பட்டன. இரண்டிலும் சா ஜங் ஹீ என்று ஒரே பெயர். ஒன்று அவர் முகம். மற்றது வேறு ஒரு பெண்ணின் முகம். காப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். கொரியாவிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் அவருடைய அண்ணன்.

போனார், பார்த்தார், அழுதார்கள். அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்பதுதான் படத்தின் தொடக்கம். அவர் மனதில் ஒரு தாய்க்குத்தான் இடம் இருந்தது. ஒருவரை அம்மா என்று நினைத்தால் மற்றவருக்குத் துரோகம் செய்வதுபோல் இருந்தது. இரண்டு குடும்பத்தையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தன் கண்ணால் பார்த்தால் இந்த முடிச்சு அவிழும் என்று நம்பி, ஆர்னால்டையும் ஆல்வீனையும் கொரியாவுக்கு அழைத்துப் போனார்.

இரண்டு குடும்பமும் ஒரு கூடத்தில் சந்திக்கும் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெற்றவரும் வளர்த்தவரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் எதிரெதிரே இருக்கிறார்கள். எல்லாப் பேச்சும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். அப்படி வரும் துக்கம் ஒரு நிமிடம் தாமதமாகத்தான் வந்து சேரும். முதல் தடவை பார்த்தபோது எல்லோரையும்போல நானும் மகளையும் பெற்றவரையும்தான் பார்த்தேன். இப்போது என் கண் ஆல்வீனிடம் போய் நின்றுவிடுகிறது. அன்று ஒரு சிறுமி வந்து எனக்கு அம்மா இருக்கிறார் என்று சொன்னபோது, கனவு என்று சொல்லி அனுப்பியவர் அவர். இறந்துவிட்டதாகக் காகிதம் சொன்ன அதே பெண்மணி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

வாசகிக்கு என் பதில் இதுதான். நீ அன்று சொன்னது நிஜம் என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது சொல்ல வேண்டும். அண்ணன் சொல்லலாம், காப்பகம் சொல்லலாம், அரசாங்கமே சொல்லலாம். நம்பாமல் போனவர் வந்து, பார்த்து, சொன்னால்தான் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆறும். தொலைபேசியில் சொல்லி ஆகிற காரியமில்லை. விமானம் ஏறித்தான் வர வேண்டும்.

படத்தின் பெயர் 'ஃபர்ஸ்ட் பர்சன் ப்ளூரல்'. நம் இலக்கணத்தில் சொன்னால் தன்மைப் பன்மை. ஆங்கிலத்துக்கு அதில் ஒரே சொல்தான். நமக்கு இரண்டு. கேட்பவரை வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. உள்ளே சேர்த்துக்கொண்டால் 'நாம்'. கொரிய மொழியிலும் அம்மாவுக்கு 'அம்மா'வைப்போலவே ஒலிக்கும் சொல்தான், அப்பா அப்பாவேதான். இதைத் தமிழர்கள் பலர் வியந்து சொல்லக் கேட்டிருப்பீர்கள். என்னை அதைவிட ஈர்த்தது வேறு. அங்கே பெரும்பாலும் 'என் அம்மா' என்று சொல்வதில்லை. 'ஊரி அம்மா' என்பார்கள். நம் 'எங்கம்மா'வேதான் அது. ஒற்றைப் பிள்ளைகூட எங்கம்மா என்றுதான் சொல்கிறது, நம் வீடுகளைப்போலவே. ஓக் ஜின் எட்டு வயது வரை அப்படிச் சொல்லிப் பழகியவள். பிறகு போய்ச் சேர்ந்த மொழியில் அம்மாவை ஒருத்தியின் தனிச் சொத்தாகத்தான் சொல்ல முடியும். அந்தக் கூடத்தில் இருந்தவை இரண்டு 'நாங்கள்'. இரண்டிலும் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லாம் கூடிவந்துவிட்டதா என்றால், இல்லை. படத்தில் அவர் வந்து சேரும் முடிவு கடினமானது. குன்சானில் இருப்பவர் இனித் தனக்கு அம்மா இல்லை என்று ஒப்புக்கொண்டால்தான் அவரை நெருங்க முடியும் என்கிறார். தொலைந்துபோன குழந்தைப் பருவத்தைத் திருப்பித் தரச் சொல்லி அந்த முதிய பெண்ணிடம் நிற்பதை விட்டுவிட்டு, இன்று எதிரே இருக்கும் மனுஷியோடு புதிதாகப் பழக வேண்டும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அப்படிச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும்.

எல்லோருக்கும் இப்படியொரு கூடம் கிடைப்பதில்லை. சோலுக்குப் போன குடும்பங்கள் 2025 வரை பெரும்பாலும் போய் உட்கார்ந்தது தத்து நிறுவனத்தின் அலுவலகத்தில், ஒரு மேசைக்கு முன்னால். மேசைமேல் ஒரு ஃபைல். பெற்றவருடைய சம்மதம் வந்தால்தான் அவர் பெயரும் முகவரியும் தருவார்கள். கடிதத்துக்குப் பதிலே வராமல் போவதும் உண்டு. அந்தத் தாய் பிறகு கல்யாணமாகி, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் நெஞ்சுக்குள் பூட்டிவைத்திருக்கலாம். அவர் நிலையையும் நாம் நினைக்க வேண்டும்.

அந்த அறைக்குள் யார் யார் போவது? வளர்த்த அம்மா, அப்பா, தம்பி, தங்கை, சில வீடுகளில் பாட்டியும் வந்திருப்பார். வாசலில் வைத்தே பிள்ளையிடம் கேட்டுவிடுவது நல்லது. வெளியே இருங்கள் என்றால் வெளியே உட்கார வேண்டும், மனம் கோணாமல். உள்ளே கூப்பிட்டால், ஃபைலைப் பிள்ளை திறக்கும் வரை கை நீட்டக் கூடாது. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவும் கூடாது. "உனக்கு எது கிடைக்காமல் போயிருக்கும் பார்" என்று அங்கே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற உறவினர் ஒருவர் இருந்தால், அவரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது மேல்.

பெற்றவர் கிடைக்காத இடத்தில் சிலருக்கு இன்னொருவர் கிடைக்கிறார். விமானம் ஏறும் வரை சில மாதங்கள் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பால் கொடுத்துத் தூங்கவைத்த இடைக்கால வளர்ப்புத் தாய். இப்படிப் பல குழந்தைகளைத் தூக்கி வளர்த்து அனுப்பிய பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவரைப் பார்க்கும்போது வளர்த்த அம்மாவுக்குத்தான் பேச்சு நிறைய இருக்கிறது. இவன் எப்படித் தூங்குவான், எதற்கு அழுவான் என்று தெரிந்த இருவர் அவர்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்கியவர்.

2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், வெளிநாட்டுத் தத்து பற்றிய தன் விசாரணை முடிவை வெளியிட்டது. 11 நாடுகளில் வளர்ந்த 367 பேர் மனுக் கொடுத்திருந்தார்கள். முதல் கட்டமாக 56 பேரை, உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. பொய்யாக அனாதை என்று பதிந்ததும், ஒரு குழந்தையின் அடையாளத்தை இன்னொரு குழந்தைக்குக் கொடுத்ததும் நடந்ததுதான் என்று அரசு அமைப்பே எழுதிவைத்திருக்கிறது. ஆல்வீனிடம் அந்தச் சிறுமி சொன்னபோது அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்தப் படத்துக்குப் பிறகும் டீயான் கொரியாவுக்குப் போனார். அந்த இரண்டாவது புகைப்படத்தில் இருந்தவள் யார், தன் இடத்துக்கு வந்திருக்க வேண்டியவள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறாள் என்று தேடி. அந்தப் பெயரில் அங்கே ஒருத்தியா, இருவரா? சா ஜங் ஹீக்கள் வீட்டுக் கதவுகளை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)