மெனோரா ஏற்றமும் பிளாட்டினத் துகளும்

ஈப்போவிலிருந்து வடக்கே போகும் லோரி, மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். சமவெளியில் 200, 300 பாகை செல்சியசில் வெளியேறிய புகை அங்கே இன்னும் சூடாகும். அந்தப் புகைக்குழாய்க்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் பிளாட்டினமும் பல்லேடியமும் சில நானோமீட்டர் துகள்களாகப் படிந்திருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாமல் தப்பிய டீசலையும் எரித்து முடிக்கும் வினையூக்கி இதுதான்.

பிளாட்டினம் உருக 1768 பாகை வேண்டும். லோரிப் புகை வழக்கமாக அதில் பாதியைக்கூடத் தொடாது. பிறகு ஏன் வினையூக்கி சூட்டில் கெடுகிறது?

பால்மரம் வெட்டியவர்களுக்கு விடை பழக்கமானது. மங்கில் சேர்ந்த பாலில் ரப்பர் நுண்துளிகளாக மிதக்கும். பார்மிக் அமிலம் விட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ரப்பர் குறைவதில்லை, துளிகள்தாம் தனித்தனியாக இல்லை. பிளாட்டினத்துக்கு வெப்பம்தான் அமிலம். 600, 700 பாகையிலேயே, உருகாமலே, அணுக்கள் நகர்ந்து சிறு துகள்கள் பெருந்துகள்களில் சேர்கின்றன. வினை நடப்பதோ மேற்பரப்பில் மட்டும். துகளின் குறுக்களவு 10 மடங்கானால் அதே எடை உலோகத்தின் பரப்பு பத்தில் ஒன்றாகும். காசு கொடுத்த பிளாட்டினம் உருண்டைக்குள் சும்மா கிடக்கும்.

பேர் வாங்குவது பிளாட்டினம். பாடுபடுவது பீங்கான் சுவரில் பூசப்பட்டு அதைத் தாங்கும் அலுமினா என்பேன். துளைகள் நிறைந்த காமா அலுமினாவில் ஒரு கிராமுக்கு 100 சதுர மீட்டருக்கு மேலேயும் பரப்பு கிடைக்கும். 1000 பாகையைத் தாண்டினால் அது ஆல்பா வடிவமாக இறுகி, பரப்பு சில சதுர மீட்டராகிவிடும். சிறிது லாந்தனம் கலந்தால் இந்த இறுக்கம் தள்ளிப்போகும். பல்லேடியம் சேர்ப்பதற்கும் பிளாட்டினம் திரளாமல் காப்பது ஒரு காரணம்.

டீசலிலுள்ள கந்தகம் இன்னொரு தொல்லை. உலோகத்தில் ஒட்டிய கந்தகத்தை விரட்டச் சூடேற்ற வேண்டும். சூடேற்றினால் துகள் திரளும். மலேசியாவில் 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 டீசல் கட்டாயமாகி, கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது இதற்கு உதவி.

லோரி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் கரிவடிகட்டி தன்னைச் சுத்தம் செய்ய 600 பாகை அளவில் கரியை எரிக்கும். அப்போது ஓய்விடத்தில் நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால், சூட்டை அள்ளிச் செல்லும் காற்று குறைந்து, ஆக்சிஜன் கூடி, உள்ளே 1000 பாகையைத் தாண்டக்கூடும். எரிந்து முடியும்வரை ஓட்டிக்கொண்டிருங்கள்.