மிதிபம்பு கற்பிக்கும் பாடம்

ஏழை உழவருக்கு உதவ விரும்புவோர் பலர். அவருக்கு வேண்டுவது யாது என்று அவரிடமே கேட்டறிவோர் சிலரே. கேளாமல் வழங்கிய கருவி கொட்டகை மூலையில் துருப்பிடிக்கும். கேட்டறிந்து செய்த கருவி குடும்பத்தின் பசி தீர்க்கும். இவ்வுண்மைக்கு வங்காள தேசத்தின் ரங்பூர் வட்டாரம் நல்லதொரு சான்றாகும்.

அங்கே நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. ஆயினும் மழையற்ற மாதங்களில் சிறு விவசாயிகளின் வயல்கள் காய்ந்தே கிடந்தன. டீசல் இயந்திரம் வாங்கப் பணமில்லை. கைப்பம்பை நாள் முழுதும் அடிக்கத் தோளில் வலுவில்லை. லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் ஊரகப் பணியில் ஈடுபட்டிருந்த நார்வே நாட்டுப் பொறியாளர் குன்னர் பார்ன்ஸ், 1980-ஆம் ஆண்டையொட்டி அவர்களுக்கென ஒரு மிதிபம்பை உருவாக்கினார். இரண்டு உருளைகள், மிதிப்பதற்கு இரண்டு மூங்கில்கள், ஏறத்தாழ அவ்வளவே.

கையினும் கால் வலியது. நம் முன்னோர் ஏற்றமரத்தின்மீது நடந்து நீர் இறைத்ததும் இதனாலன்றோ! மூங்கில் ஊரிலேயே கிடைத்தது. இரும்புப் பகுதிகளைச் சிறு பட்டறைகளே செய்து தந்தன. குழாய் இறக்கும் செலவு உட்பட சுமார் 25 டாலரில் அரை ஏக்கருக்குப் பாசன வசதி கிட்டியது. காலப்போக்கில் அந்நாட்டில் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட மிதிபம்புகள் விற்பனையாயின.

அதே பம்பு அப்படியே கென்யாவுக்குப் பொருந்தவில்லை. 1990-களில் அங்கு மிதிபம்பு செய்த மார்ட்டின் ஃபிஷர், நிக் மூன் ஆகிய இருவரும் உழவர்களின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தனர். திருட்டுக்கு அஞ்சிப் பம்பை இரவில் வீட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது; ஆகவே சுமக்கத்தக்க எடையில் செய்தனர். பல நிலங்கள் மேட்டில் இருந்தன. ஆகவே நீரை மேல்நோக்கித் தள்ளும் பம்பையும் அமைத்தனர். பலர் காண உயரத்தில் நின்று மிதிக்கப் பெண்கள் கூசினர்; ஆகவே மிதிகட்டைகளைத் தாழ்த்தினர்.

திருடனைப் பற்றிய அச்சத்தையும் பெண்ணின் கூச்சத்தையும் எந்தப் பொறியியல் நூல் கற்பிக்கும்? அவற்றை அறிந்தவர் வயலில் நிற்பவரே. கருவியைப் பற்றிய பாதி அறிவு அவரிடம் இருக்கிறது.

நம் ஊர்ச் சங்கங்களும் உழவருக்குக் கருவி வழங்க முன்வருவதுண்டு. விலை விசாரிக்குமுன் மூன்று கேள்விகளை அவர்களிடம் கேட்போமாக: இதைக் கையாளப் போகிறவர் யார்? பழுதானால் ஊரிலேயே சீராக்க இயலுமா? இரவில் இதை எங்கே வைப்பீர்கள்? விடைகளைக் கேட்டபின் பணப்பையைத் திறப்போம்.