குளம்பு நோயும் தீவனத் தொட்டியும்

குதிரை நொண்டினால் கல் குத்திற்றோ, இலாட ஆணி தவறிற்றோ என்று குளம்பைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். பார்க்க வேண்டியதுதான். ஆயினும் காயம் ஏதுமின்றி முன்னங்கால் இரண்டிலும் ஒருங்கே வலி தோன்றுமாயின், காரணம் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

குளம்பின் ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைப்பவை ஏறத்தாழ 600 மெல்லிய மடிப்புகள். குதிரையின் பாரம் முழுவதையும் இவையே தாங்குகின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் மிகுந்து நின்றால், இம்மடிப்புகள் நீண்டு தளரும், எலும்பு கீழிறங்கும். இறங்கிய எலும்பு பழைய நிலைக்கு மீள்வது அரிது. குதிரையின் உழைப்பை நம்பிய குடும்பத்தின் வருவாயும் அத்துடன் நின்றுவிடும். 2007ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், நோயற்ற மட்டக் குதிரைகளின் இரத்தச் சர்க்கரையை இயல்பாக வைத்துக்கொண்டு இன்சுலினை மட்டும் உயர்த்தினர். 72 மணி நேரத்திற்குள் அவை அனைத்திற்கும் இந்நோய் கண்டது.

ஜட்கா இழுத்த குதிரை தின்ற கொள்ளை நடந்தே தீர்த்தது. இன்று பெசன்ட் நகர், கோவளம் கடற்கரைகளில் சவாரிக்கு நிற்கும் குதிரைக்கோ, தாம்பரம் பக்கத்துத் திருமண ஊர்வலக் குதிரைக்கோ அவ்வளவு நடை இல்லை. கொள்ளும் தவிடும் மட்டும் குறையவில்லை. அன்பு மிகுதியால் வெல்லமும் சேர்கிறது! பிடரியில் கொழுப்புத் திரண்ட குதிரையைப் புஷ்டியானது என்று மெச்சுகிறோம். அதுவே முதல் எச்சரிக்கை. வயது முதிர்ந்த குதிரை கோடையிலும் நீண்ட உரோமத்தை உதிர்க்காவிடில் பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறு எனச் சந்தேகிக்கலாம். அதற்குத் தனி மருந்துண்டு.

நோய் கண்ட குதிரை பின்னங்கால்களில் பாரத்தைச் சாய்த்து நிற்கும், திரும்பத் தயங்கும், குளம்பு சுடும், கணுக்காலின் பின்புறம் நாடி பலமாகத் துடிக்கும். "நடந்தால் சரியாகிவிடும்" என்று ஓட்டுவது பெருங்கேடு. ஆழமான மணற்படுக்கையில் நிறுத்திக் குளம்பைப் பனிக்கட்டி நீரில் குளிரச் செய்து, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1903இல் தொடங்கப்பெற்ற வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குத் தொலைவன்று.

தானியத்தையும் வெல்லத்தையும் அன்றே நிறுத்துக. ஆனால் பட்டினி போடலாகாது. கொழுத்த குதிரையின் ஈரல் அதனால் கெடும். உலர்ந்த புல்லை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்தால் சர்க்கரையின் ஒரு பகுதி கரைந்துவிடும். அந்நீரைக் கொட்டிவிட்டு உடனே தீனியாக இடுக. நம் வெயிலில் ஊறிய புல் விரைவில் புளித்துப்போகும்.