வெயில் இருக்க விளக்கு எதற்கு?
வெயிலில் தானாக வளரும் கஞ்சாச் செடியை விளக்கு, மின்விசிறி, கரி வடிகட்டி சகிதம் துணிக் கூடாரத்துக்குள் அடைத்தது தாவரவியல் அல்ல, போலீஸ் பயம். அதன் விலை மின்சாரத்தில் தெரிந்தது: அமெரிக்க மின்சாரத்தில் சுமார் 1 சதவீதத்தை உள்ளரங்கக் கஞ்சா வளர்ப்பே விழுங்குகிறது என்று 2012-இல் ஆய்வாளர் இவான் மில்ஸ் கணக்கிட்டார். எல்.இ.டி. வந்துவிட்டதே என்பார்கள். விளக்குச் செலவு குறையும்தான். பூவில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடத்தானே வேண்டும்?

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்தோர் வீட்டில் 3 செடி வளர்க்கலாம். பயம் போயிற்று, கூடாரம் போகவில்லை. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, வாசனைக்கு அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்கள், குளிர்காலத்தில் வெயிலில்லை என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடுவது 50 கிராம். பூட்டிய தோட்டத்தில் கோடையில் ஒரு போகமே அதற்குத் தாராளம்.