கொசுவை விரட்ட நொச்சி இருக்கு! டிரம் தண்ணீரை மறந்தால் ஆபத்து!

சேலம்:-

மாலை 6 மணி ஆனால் போதும். அம்மாபேட்டை தறி வீடுகளில் இருந்து பள்ளிபாளையம் விசைத்தறிக்கூடங்கள் வரை ஒரே "ங்ஙொய்" சத்தம்! தறிக்குழிக்குள் காலை விட்டு உட்காருகிறவர் பாடு பெரும்பாடு. நாடாவையும் விட முடியாது, கொசுவையும் அடிக்க முடியாது.

"கொசுவத்தி வாங்கியே கட்டுப்படியாகலைங்க" என்று அலுத்துக்கொள்ளாத வீடு உண்டா?

செலவில்லாத மருந்து ஒன்று நம்ம ஊர் ஓடை ஓரங்களிலேயே நிற்கிறது. அதுதான் நொச்சி.

ஆடு தொடாத செடி

ஆடு, மாடு நொச்சியைக் கடிக்காது. அதனால்தான் தோட்டத்து வேலிக்கு அதை வைத்தார்கள். தானியக் குதிரில் பூச்சி விழாமல் இருக்க நொச்சித் தழையைப் போட்டு வைப்பதும் பழைய வழக்கம். இலையில் உள்ள எண்ணெயின் நெடிதான் இதற்குக் காரணம். ஒரு குச்சியை ஒடித்து ஈரத்தில் நட்டாலே துளிர்த்துவிடும்.

2012-ல் சென்னை மாநகராட்சி, கால்வாய் ஓர மக்களுக்கு நொச்சிக் கன்று கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது நினைவிருக்கலாம். ஆனால் வாசலில் செடி நின்றால் மட்டும் கொசு ஓடிவிடாது. இலையைக் கசக்க வேண்டும். அல்லது புகைக்க வேண்டும்.

செய்வது எப்படி?

நொச்சி இலை, வேப்பிலை இரண்டையும் நிழலில் காய வையுங்கள். அந்தி நேரத்தில் சட்டியில் தணல் எடுத்து, ஒரு கைப்பிடி தூவுங்கள். அறையில் ஆள் இருக்கக் கூடாது. 10 நிமிடம் புகைய விட்டு, ஜன்னலைத் திறந்து புகை போனபின் உள்ளே போங்கள். இழுப்பு நோய்க்காரர், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் புகையே வேண்டாம்.

கை காலில் தடவ எண்ணெய் வேண்டுமா? 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி வேப்பெண்ணெய் கலந்தால் போதும். 1993-ல் டில்லி மலேரியா ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இதே 2 சதவீதக் கலவையைச் சோதித்து, மலேரியா கொசு கடிக்காமல் நன்றாகக் காக்கிறது என்று எழுதினார்கள். முதலில் முழங்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரிப்பு எடுத்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை! வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் உண்டு.

பகல் கொள்ளைக்காரன்

புகை போட்டாச்சு, எண்ணெய் தடவியாச்சு, இனி பயமில்லை என்று இருந்துவிடலாமா? அதுதான் முடியாது!

மலேரியா கொசு ராத்திரியில் வரும். டெங்கு கொசுவோ பகலில் கடிக்கும். நாம் அந்தியில் போடும் புகைக்கு முன்பே அது வேலையை முடித்துவிடும். அது சாக்கடையை விட நல்ல தண்ணீரைத்தான் அதிகம் தேடும். குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் வீட்டுக்கு வீடு டிரம், தொட்டி. கொசுவுக்கு அதைவிட வசதி ஏது?

2017-ல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது, கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல்காரர் கூட்டம் நிரம்பி வழிந்ததை மறக்க முடியுமா?

முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சும்மா கொட்டினால் பயனில்லை. சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்! கழுவியபின் துணியால் இறுகக் கட்டி மூடுங்கள். மொட்டை மாடி டயர், தேங்காய்த் தொட்டி, உரல், ஆட்டுக்கல் எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாகப் போடவே கூடாது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆபத்தே அப்போதுதான்.

நொச்சியை வேலியில் வையுங்கள். டிரம்முக்கு மூடியும் போடுங்கள். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் கொசுவுக்குத்தான் கொண்டாட்டம்!